உக்கடத்து '1959' தட்டும் 6,500 ரூபாயும்

ஊசிமுனை:
நேற்று பேரூரான் இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. உக்கடத்தில் ஒரு பழைய சாமான் கடையில் அமெரிக்க ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' இசைத்தட்டை 6,500 ரூபாய்க்கு வாங்கினாராம். அட்டையின் பின்பக்கம் 1959 என்று இருப்பதால் அது முதல் பதிப்பாம். 'ஜாஸ் தட்டை ஐந்நூறுக்குக் கேட்பவர்கள் பழைய பேப்பர் கடைக்குப் போகட்டும்' என்று நமக்கு உபதேசம் வேறு.

அய்யா, நீங்களே போட்ட படத்தில் தட்டின் நடுத்தாளில் சிபிஎஸ் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. கீழே ஹாலந்தில் தயாரானது என்று பொடி எழுத்து. 1959இல் இதை அமெரிக்காவில் வெளியிட்டது கொலம்பியா நிறுவனம். அந்தத் தட்டின் நடுத்தாளில் கண் போன்ற சின்னம் ஆறு இருக்கும். மோனோ என்றால் எண் சிஎல் 1355, ஸ்டீரியோ என்றால் சிஎஸ் 8163. வெளிநாடுகளில் கொலம்பியா என்ற பெயர் இஎம்ஐ என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் கையில் இருந்தது. அதனால்தான் அறுபதுகளில் அங்கெல்லாம் சிபிஎஸ் என்ற பெயரில் விற்கத் தொடங்கினார்கள். போதாததற்கு, உங்கள் 1959க்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஒரு 'பி' இருக்கிறது. அந்தக் குறி தட்டுகளில் பரவியது எழுபதுகளில். அதன் பக்கத்தில் இருப்பது ஒலிப்பதிவு வெளிவந்த ஆண்டு, தட்டு அச்சான ஆண்டு அல்ல.

பேரூரான்:
1959 என்று அச்சாகியிருக்கிறது. படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது போதும். குன்னூர்ப் பக்கம் எஸ்டேட் பங்களா ஒன்றைக் காலி செய்தபோது இறங்கிய சரக்கு அது. துரைமார் வாங்கி வைத்திருந்த தட்டு. கடைக்காரர் என்னிடம் பொய் சொல்லி என்ன லாபம் காணப்போகிறார்?

ஊசிமுனை:
6,500 லாபம்.

நொய்யல்கரை:
ஆண்டு எதுவாகவும் இருக்கட்டும். தட்டு எந்த நிலையில் இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லையே? கீறல் உண்டா, வளைந்திருக்கிறதா, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தீர்களா? முதல் பதிப்பே ஆனாலும் கரகரவென்று இரைந்தால் சுவரில்தான் மாட்ட வேண்டும்.

பேரூரான்:
அம்மணி, அட்டையில் 1959 என்று இருக்கிறது. நிலையெல்லாம் அப்புறம்.

நொய்யல்கரை:
அம்மணி என்று கூப்பிடுவதை உங்கள் வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை.

பவானிக்காரன்:
பேரூரான் அண்ணா போன்றவர்களால்தான் ஈரோட்டில் நாங்கள் அவதிப்படுகிறோம். கடைக்காரர்கள் செல்போனில் டிஸ்காக்ஸ் என்ற இசைத்தட்டு விற்பனைத் தளத்தைத் திறந்து, அங்கே யாரோ கேட்கும் உச்ச விலையை அப்படியே சொல்கிறார்கள். அது என்ன விலைக்கு விற்றது என்று பார்ப்பதே இல்லை. கேட்பது யாராலும் முடியும்; பொள்ளாச்சிச் சந்தையில் கிழட்டு மாட்டுக்குக்கூட லட்ச ரூபாய் கேட்கலாம். போன மாதம் ஒரு கடையில் அட்டையே இல்லாத, ஓரம் பிய்ந்த எல்லிங்டன் தட்டுக்கு 2,000 சொன்னார்கள். 'கோயம்புத்தூர்க்காரர்கள் பேசாமல் கொடுக்கிறார்கள்' என்பது அவர்கள் வாதம்.

பேரூரான்:
ஈரோட்டில் ஜாஸ் கேட்பவர்கள் இருப்பதே இப்போதுதான் தெரிகிறது. தம்பி, உங்கள் ஊரில் தட்டு என்றால் சாப்பாட்டுத் தட்டு.

பவானிக்காரன்:
உங்கள் ஊரில் மட்டும் என்ன, பஞ்சாலைச் சங்கு டிரம்பெட் வாசித்ததா?

பேரூரான்:
ஊசிமுனைக்கு இன்னொரு ஆதாரம் தருகிறேன். முதல் பதிப்பில் முதல் பக்கத்துப் பாடல்கள் மூன்றும் சுருதி சற்று ஏறி ஒலிக்கும். அன்று பதிவு செய்த கருவி மெதுவாக ஓடியதால் வந்த பிழை. என் தட்டிலும் ஏறித்தான் ஒலிக்கிறது. இதற்கு என்ன சொல்லப்போகிறீர்கள்?

ஊசிமுனை:
சிரித்துவிட்டுச் சொல்கிறேன். அந்தப் பிழையைத் திருத்தி வெளியிட்டதே 1992இல். அதற்கு முன்னால் முப்பது வருடத்துக்கு மேல் அச்சான தட்டுகள் அதே சுருதியில்தான் ஒலிக்கும். உங்கள் தட்டு 1992க்கு முந்தியது என்று நிரூபித்துவிட்டீர்கள். வாழ்த்துகள்.

பழைய தட்டு வாங்குகிறவர்கள் அட்டையைப் படிக்கக் கூடாது. பாட்டு முடிந்த பிறகு நடுத்தாள் வரைக்கும் வெறுமையாக ஒரு வளையம் இருக்கிறதே, அதில் பொறித்திருப்பதைப் படிக்க வேண்டும். ப்ளூ நோட் என்ற ஜாஸ் நிறுவனத்தின் தட்டு என்றால் அங்கே காது போல் ஒரு கிறுக்கல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிளாஸ்டிலைட் ஆலையில் 1966 வரை அச்சானவற்றின் அடையாளம் அது. அதற்குத்தான் விலை. இதையெல்லாம் இந்தக் குழுவில் எத்தனையோ முறை எழுதியாகிவிட்டது. படிக்கிறவர்கள் படித்தால்தானே.

பேரூரான்:
காது, கண், மூக்கு எல்லாம் இருக்கட்டும். 1959 என்று இருக்கிறதா இல்லையா? ஒரே வார்த்தையில் பதில்.

ஊசிமுனை:
என் வீட்டுக் காலண்டரில் திருவள்ளுவர் படம் இருக்கிறது. அதனால் அது சங்க காலத்துக் காலண்டர் ஆகிவிடுமா?

நொய்யல்கரை:
திருவள்ளுவர் சங்க காலம் என்று யார் சொன்னது?

ஊசிமுனை:
தயவுசெய்து அதை இங்கே ஆரம்பிக்காதீர்கள்.

பவானிக்காரன்:
ஹாலந்துத் தட்டுக்கு இத்தனை கொடுப்பதற்கு, கல்கத்தா தம்தம் ஆலையில் அச்சான தட்டுகளைத் தேடுங்கள். அறுபதுகளில் பீட்டில்ஸையே நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய வகைத் தட்டாக அச்சிட்ட ஆலை அது. அந்தத் தட்டுகளுக்கு இன்று வெளிநாட்டில் அடித்துக்கொள்கிறார்கள். நம் ஊர் சரக்கு என்றால் நமக்குத்தான் இளக்காரம்.

ஊசிமுனை:
78 பற்றி நீங்கள் பேச வேண்டாம் தம்பி. என்னிடம் இரவல் வாங்கிப்போன ஆர்ம்ஸ்ட்ராங் 78ஐ ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக் கொடுத்தது யார்? அது அரக்கு கலந்த தட்டு. ஸ்பிரிட் பட்டால் கரையும். திரும்பி வந்தபோது ஒரு பக்கம் முழுக்க மங்கிப்போய் இருந்தது.

பவானிக்காரன்:
கொடுக்கும்போதே அப்படித்தான் இருந்தது. அன்றைக்கு வாயைத் திறக்காமல் இன்றைக்கு ஊர் நடுவே சொல்கிறீர்கள்.

பேரூரான்:
அண்ணனுக்கு எல்லோர் மேலும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. நான் வாங்கிய கடைக்கு அவரும் போனார், அவர் கண்ணில் இது படவில்லை. அந்த வயிற்றெரிச்சலைத்தான் கொலம்பியா, இஎம்ஐ என்று விரித்து எழுதுகிறார்.

ஊசிமுனை:
பட்டது. எடுத்துப் பார்த்தேன். என்னிடம் 1,200 சொன்னார். அதிகம் என்று திருப்பி வைத்துவிட்டேன்.

பேரூரான்:
பொய். அந்தக் கடைக்காரர் அப்படிப்பட்டவர் இல்லை. 1959 தட்டை யாராவது 1,200க்குக் கொடுப்பார்களா?

நொய்யல்கரை:
கீறல் உண்டா என்று இன்னும் தெரியவில்லை.

பவானிக்காரன்:
அதே பெட்டியில் ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் ப்ரூபெக்கின் 'டைம் அவுட்' இருந்ததாகக் கேள்விப்பட்டேன். ப்ரூபெக் 1958இல் சென்னைக்கு வந்து பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தைக் கேட்டு மலைத்துப்போனவர். அவருடைய தட்டு நம் பக்கம் ஒன்றாவது இருக்க வேண்டும். சனிக்கிழமை வருகிறேன். இன்னும் இருக்கிறதா?

ஊசிமுனை:
இல்லை. நான் எடுத்துவிட்டேன்.

பவானிக்காரன்:
எவ்வளவுக்கு?

ஊசிமுனை:
நிலையைப் பார்த்து நியாயமாகக் கொடுத்தேன்.

பேரூரான்:
எவ்வளவு என்று கேட்டார்.

ஊசிமுனை:
இங்கே பேசிக்கொண்டிருப்பது உங்கள் தட்டைப் பற்றி. என் தட்டைப் பற்றி அல்ல.