கதவுக்கு முட்டுக்கொடுத்த வெண்கலத் தட்டு

டப்ளினில் நான் குடியிருந்த வீட்டுக்கார அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. ஒரு சனிக்கிழமை அவருடைய பின்பக்க அறையைச் சுத்தம் செய்து கொடுத்தபோது, கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டாக வைத்திருந்த வட்டத் தட்டு ஒன்று கையில் சிக்கியது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, நல்ல கனம். அழுக்கைத் துடைத்தால் ஒரு சிங்கம், பிரிட்டனின் உருவகமான பிரிட்டானியா என்ற பெண், பக்கத்தில் ஓர் ஆளின் பெயர். "அப்பாவோட அண்ணன். சண்டையில போயிட்டார். அதுக்கு மேல யாரும் பேச மாட்டாங்க" என்றார்.

முதல் உலகப் போரில் இறந்தவர்களின் வீட்டுக்கு பிரிட்டிஷ் அரசு அனுப்பிய தட்டு அது. பதவியோ படைப்பிரிவோ இருக்காது, பெயர் மட்டும்தான். அந்தப் பெயரோ நம்மூர் முருகன் மாதிரி, தெருவுக்கு நாலு பேர்! இரண்டு வாரம் தவறான ஆளைத் துரத்தினோம். அந்த ஆள் கார்க் என்ற வேறு ஊர்க்காரராம்.

கடைசியில் பிடி கொடுத்தது 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் அதை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. பையனுக்கு வயது 17. அம்மா பெயர், தெரு எல்லாம் கிடைத்தன. அப்புறம் அதே காப்பகத்தில் சிப்பாய்களின் உயில்கள். ஒரே ஒரு தாள், இரண்டு வரி: இருப்பதெல்லாம் அம்மாவுக்கு. அதே அம்மா, அதே தெரு. படை எண்ணும் அதிலேயே இருந்தது.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் எண்ணைப் போட்டோம். ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் என்ற பிரிட்டிஷ் படைப்பிரிவு, 1ஆம் பட்டாலியன், இறந்தது 1915 ஏப்ரல் 25, துருக்கியின் கல்லிப்பொலியில். படகுகளில் வந்தவர்களைக் கரை ஏறுவதற்குள்ளேயே துருக்கியர் சுட்டுத் தள்ளிய நாள். கல்லறை கிடையாது. அங்கே இருக்கும் ஹெல்லஸ் நினைவுச் சின்னத்தில் 20,000க்கும் மேற்பட்ட பெயர்களுக்கு நடுவே இவர் பெயர்.

பிரிட்டனிடமிருந்து அயர்லாந்து சுதந்திரம் பெற்ற பிறகு, பிரிட்டிஷ் சீருடையில் செத்தவரைப் பற்றிப் பேச இங்கே பல வீடுகளில் வாய் கூசியது. தட்டு கதவடிக்குப் போனது அப்படித்தான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது வேறு விஷயம். போர் தொடங்கியபோது அந்தப் பட்டாலியன் இருந்த இடம் மெட்ராஸ். அதன் பூர்வீகமே பழைய மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ்தான். இவரும் அங்கே இருந்தாரா என்று சொல்லக்கூடிய பணிக் கோப்பு இல்லை. 1940 லண்டன் குண்டுவீச்சில் அப்படி லட்சக்கணக்கான கோப்புகள் எரிந்துபோயின.

மெட்ராஸ்தான் எங்கள் சென்னை என்று சொன்னேன். தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "அங்க வெயில் ரொம்பவோ? எங்க வீட்டு ஆம்பளைங்களுக்கு உடனே தோல் சிவந்துடும்" என்றார்.