ராமன் பம்ப்பும் அந்த 100 நானோமீட்டரும்

ஈரோடு_மஞ்சள்:
கோவையில் நேற்று ராமன் ஆம்ப்ளிஃபையர் பற்றி ஒரு கூட்டம். பம்ப் எனும் லேசர் ஒளியை ஃபைபருக்குள் விட்டு, அதில் ஓடும் சிக்னலைப் பெருக்கும் முறை அது. மேடையில் ஒருவர், "ராமன் ஆம்ப்ளிஃபையருக்கு எல்லையே இல்லை, பம்ப் லேசரை அடுக்க அடுக்க பெருகும் அலைநீளப் பேண்ட் நீண்டுகொண்டே போகும்" என்கிறார். முன்வரிசை கைதட்டுகிறது. கல்யாணப் பந்தியா, இலை போடப் போட நீள்வதற்கு? ஃபைபர் கண்ணாடியில் கெய்ன் (பெருக்கம்) உச்சம் பம்ப்பிலிருந்து அதிர்வெண்ணில் 13 டெராஹெர்ட்ஸ் கீழே தள்ளி இருக்கிறது. 1450 நானோமீட்டர் அலைநீளத்தில் பம்ப் விட்டால் 1550-ல் பெருகும். ஆக 100 நானோமீட்டர். அதோடு சரி.

நொய்யல்_வாசி:
அந்த "ஒருவர்" நான்தானுங்க. பெயர் சொல்லாமல் திட்டினால் தெரியாதா? நீங்கள் சொல்லும் 100, பம்ப்புக்கும் உச்சத்துக்கும் நடுவில் உள்ள தூரம். பேண்டின் அகலம் இல்லை. 1999-லேயே 12 அலைநீளங்களில் பம்ப் வைத்து 100 நானோமீட்டர் அகலத்துக்குத் தட்டையாகப் பெருக்கிக் காட்டிவிட்டார்கள்.

ஈரோடு_மஞ்சள்:
நான் சொன்னதும் 100. நீங்கள் சொல்வதும் 100. அப்புறம் எங்கே போச்சு "எல்லையே இல்லை"?

நொய்யல்_வாசி:
உங்கள் 100 வேறு, என் 100 வேறு!

பொள்ளாச்சி_இளநீர்:
இரண்டுக்கும் தொடர்பு உண்டுங்களே. அகலம் 100-ஐத் தாண்டினால், நீள அலைக்கான பம்ப் குட்டை அலைச் சிக்னல் ஓடும் இடத்திலேயே வந்து உட்காரும். 1610-ஐப் பெருக்க 1500 வாக்கில் பம்ப் வேண்டும். அங்கேயே சிக்னலும் ஓடினால்? எதிர்த்திசையில் விட்டாலும் பம்ப் ஒளி ரேலே சிதறலில், அதாவது கண்ணாடியிலேயே சிதறி, திரும்பி வந்து ரிசீவரில் விழும். மோதாமல் பக்கத்தில் இருந்தாலே வெப்ப இரைச்சல் ஏறிவிடும்.

ஈரோடு_மஞ்சள்:
இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன்.

பொள்ளாச்சி_இளநீர்:
நீங்கள் சொல்லவில்லைங்க.

ஈரோடு_மஞ்சள்:
100 என்று சொன்னேனா இல்லையா? 22 வருடமாக ஃபைபர் ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷினோடு திரிகிறவன் நான். இன்னொன்றும் கேளுங்கள். பம்ப்புகளை அடுக்கினால் ஒன்றையொன்று தின்னும். குட்டை அலைப் பம்ப் தன் சக்தியை நீள அலைப் பம்ப்புக்குத் தாரை வார்க்கும், அதற்காக அதில் இன்னும் ஏற்ற வேண்டும். தாராபுரம் பக்கம் கருவிகள் வைக்கும் ஒரு ஹட்டில், கூட வந்த பையன் பேட்ச்கார்டை (இணைப்பு ஃபைபரை) துடைக்காமல் சொருகிவிட்டான். அரை வாட் பம்ப்தான். ஆன் பண்ணிச் சித்த நேரத்தில் லிங்க் போச்சு. ஸ்கோப்பில் பார்த்தால் கனெக்டர் முனையான ஃபெருல் நடுவில், தாளிப்பில் கருகிய கடுகு மாதிரி ஒரு பொட்டு. இந்த லட்சணத்தில் 12 பம்ப்பாம்!

நொய்யல்_வாசி:
துடைக்காதது பையன் தப்பா, ராமன் தப்பா? போன வருடம் எர்பியம் ஆம்ப்ளிஃபையர் பேச்சிலும் இப்படித்தான் தாராபுரம் போய்விட்டீர்கள். கனெக்டரை யார் கேட்டது?

ஈரோடு_மஞ்சள்:
எர்பியத்தில் நீங்கள் தோற்றது இன்னும் ஆறவில்லை போல. நொய்யலில் சாயம் வெளுத்தாலும் உங்கள் சாயம் வெளுக்காது.

நொய்யல்_வாசி:
ஆற்றை இழுக்காதீர்கள். மஞ்சள் மண்டி ஏலத்தில்கூட இத்தனை சத்தம் இருக்காது.

சென்னிமலை_தறி:
ஏனுங்க, மழை பெய்தால் என்ற வீட்டு ஃபைபர் நின்றுபோகிறது. இந்தப் பம்ப் ஒன்று மாட்டினால் சரியாகுங்களா?

பொள்ளாச்சி_இளநீர்:
உங்களுக்கு அது வேண்டாமுங்க. ஜாயின்ட் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும், லைன்மேனைக் கூப்பிடுங்கள்.

ஈரோடு_மஞ்சள்:
ஜாயின்ட் பெட்டி பற்றி எனக்குத்தான் தெரியும், நான் சொல்கிறேன். அதற்கு முன்னால் நொய்யல்வாசி பதில் சொல்லட்டும்: 100-ஆ, இல்லையா?

நொய்யல்_வாசி:
எந்த 100?