மகள் கொல்லப்பட்டால் புகார் கொடுப்பது யார்? – ஆணவக் கொலைத் தனிச் சட்டம் பற்றி ஒரு விவாதம்

பொருநை:
2025 ஜூலையில் நெல்லையில் ஓர் ஐ.டி. ஊழியர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் பழகிய வேறு சாதிப் பெண்ணின் தம்பி கைதானார். சாதி மானம் என்று சொல்லி வீட்டாரே செய்யும் ஆணவக் கொலைகளுக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை மறுபடியும் எழுந்தது. அக்டோபரில் இதற்கென ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். இந்த ஆணையத்தின் முன் என்ன வைக்க வேண்டும் என்று பேசவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

கொல்லப்படுவது பையன் என்றால் அவனுக்காக அழ ஒரு வீடு இருக்கிறது. உடலை வாங்க மறுத்து மருத்துவமனை வாசலில் உட்காரும் பெற்றோர் இருக்கிறார்கள். கொல்லப்படுவது மகள் என்றால்? கொன்றதும் அந்த வீடு, எரிப்பதும் அந்த வீடு, விசாரித்தால் பதில் சொல்வதும் அதே வீடு. 2025 மார்ச்சில் பல்லடம் பக்கம் பருவாயில் ஒரு கல்லூரி மாணவி இறந்தார். பீரோ சாய்ந்து விழுந்துவிட்டது என்று சொல்லி வீட்டார் புதைத்துவிட்டார்கள். அவர் விரும்பிய பையன் புகார் கொடுத்த பிறகுதான் உடலைத் தோண்டி எடுத்துப் பரிசோதித்தார்கள், அண்ணன் கைதானார். அந்தப் பையன் பயந்து ஒதுங்கியிருந்தால் இன்றைக்கும் அது விபத்துதான். எனக்குத் தனிச் சட்டம் வேண்டும். அதிலும் மகளின் சாவை யார் கேள்வி கேட்பது என்பதற்கு அதில் பதில் இருக்க வேண்டும்.

ராஜவேல் ஈரோடு:
வணக்கம். நான் இரண்டு பெண்களுக்கு அப்பா. கொலை செய்தவனைத் தூக்கில் போட்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அதற்குப் புதுச் சட்டம் எதற்கு? சாதி மாறிக் கல்யாணம் செய்த சங்கர் கொல்லப்பட்ட உடுமலை வழக்கில் 2017-இல் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்கு கொடுத்தது. வேறு சாதிப் பெண்ணோடு பழகியதற்காக கோகுல்ராஜ் கொல்லப்பட்ட வழக்கில் பத்துப் பேருக்கு ஆயுள். எல்லாம் பழைய சட்டத்தில்தான். இப்போது பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 103(2) என்ற பிரிவு வேறு வந்திருக்கிறது. சாதி, சமூகம் போன்ற காரணத்துக்காகக் கும்பலாகச் சேர்ந்து கொன்றால் மரண தண்டனை அல்லது ஆயுள் என்று அதில் தனியாகவே இருக்கிறது.

என் பயம் வேறு. மகளைக் கண்டித்தேன், போனை வாங்கி வைத்தேன், கல்லூரிக்கு நானே கொண்டுபோய் விட்டேன், இதெல்லாம் நாளைக்குக் குற்றமாகிவிடுமா? பெற்றவனுக்குக் கேட்கும் உரிமைகூட இல்லை என்று சட்டம் எழுதினால் அது எந்தக் குடும்பத்துக்கும் நல்லதில்லை.

மதுரை வழக்கறிஞர்:
ராஜவேல் சார், 103(2)-ஐ நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து செய்தால்தான் அது பொருந்தும். பருவாயில் கைதானது ஓர் அண்ணன். அப்பா மட்டும், அம்மாவும் மாமாவும் மட்டும் என்று நடப்பவை எதுவும் அதில் வராது. எஸ்.சி./எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் பலர் சொல்கிறார்கள். பட்டியல் சாதிப் பையன் கொல்லப்பட்டால் அது பலமான சட்டம். அவனை விரும்பியதற்காக வேறு சாதிப் பெண்ணை அவள் அப்பாவே கொன்றால், கொல்லப்பட்டவர் பட்டியல் சாதி இல்லை என்பதால் அவருடைய கொலைக்கு அந்தச் சட்டம் கிடையாது. அது ஒரு சாதாரணக் கொலை வழக்கு, சாட்சிகள் எல்லாம் சொந்தக்காரர்கள்.

நீங்கள் சொன்ன உடுமலை வழக்கையே எடுத்துக்கொள்வோம். 2016 மார்ச் 13, பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில், கேமரா பார்த்துக்கொண்டிருக்க நடந்த கொலை. சங்கரின் மனைவி கௌசல்யா வெட்டுப்பட்டுப் பிழைத்தார், தன் பெற்றோருக்கு எதிராகவே சாட்சி சொன்னார். அப்படியும் 2020-இல் சென்னை உயர் நீதிமன்றம் கௌசல்யாவின் அப்பாவை விடுவித்தது, மற்ற ஐந்து பேரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வெட்டியவர்களைக் கேமரா காட்டும். வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேசியதை எது காட்டும்? சதியை நிரூபிப்பதில்தான் இந்த வழக்குகள் உடைகின்றன.

இன்னொன்று. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் இந்தக் கொலைகளைத் தனியாக எண்ணத் தொடங்கியது 2014-இல்தான். அந்த ஆண்டு 28 என்றார்கள், அடுத்த ஆண்டு 251. ஒரே வருடத்தில் கொலை ஒன்பது மடங்கு கூடவில்லை, எண்ணுவதுதான் மாறியது. எதை எண்ண வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரையறை இல்லாதவரை இப்படித்தான் இருக்கும்.

கலைவாணி சி:
போனை வாங்கி வைப்பது குற்றமா என்று ராஜவேல் அண்ணா கேட்டார். நான் அங்கிருந்தே பேசுகிறேன், ஏனென்றால் கொலை அரிவாளில் ஆரம்பிப்பதில்லை.

என் பெரியம்மா மகள் 24 வயதில் வேறு சாதியில் பதிவுத் திருமணம் செய்தாள். அதற்கு முன்பு எட்டு மாதம் அவளுக்குப் போன் இல்லை, வேலைக்கும் அனுப்பவில்லை. யாரும் அவளை அடிக்கவில்லை, அதனால் அந்த வீட்டில் எல்லோரும் தங்களை நல்லவர்கள் என்றே நம்பினார்கள். கல்யாணம் முடிந்து பாதுகாப்புக் கேட்டு மகளிர் காவல் நிலையத்துக்குப் போனாள். அங்கே இரண்டு குடும்பத்தையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். பெரியப்பா கேட்ட முதல் விஷயம், “போட்டிருக்கிற கம்மலைக் கழற்றச் சொல்லுங்கள்.” அடுத்தது, சொத்தில் பங்கு கேட்க மாட்டேன் என்று எழுதி வாங்குங்கள். எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

மகளுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்தது. 2005-இல் நாடு முழுக்க வந்தது. ஆனால் எங்கள் ஊரில் சாதிக்குள்ளேயே கட்டிக் கொடுத்த மகள்களிடமும் அண்ணன் தம்பிகள் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிவிடுகிறார்கள். சீர் செய்தோமே, நகை போட்டோமே என்பதுதான் கணக்கு. சாதி விட்டுக் கல்யாணம் செய்தவள் மட்டும் கையெழுத்துப் போட மறுத்து நாளைக்கு வந்து நிற்பாள், நம் நிலத்தில் அவன் பிள்ளை பங்கு கேட்கும் என்ற பயம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. மானம் என்று வெளியே சொல்கிறார்கள். உள்ளே வரப்புக் கணக்கு ஓடுகிறது.

அதே பெரியம்மா வீட்டில் மகன் வேறு சாதிப் பெண்ணைக் கூட்டி வந்தான். ஒரு வருடம் பேசவில்லை. பேரன் பிறந்ததும் ஆரத்தி எடுத்து உள்ளே விட்டார்கள். மகள் இன்னும் அந்தத் தெருவுக்குள் போனதில்லை.

சுரேஷ்குமார்:
கலைவாணி அக்கா, மகனை மன்னிப்பார்கள், மகளை மன்னிக்க மாட்டார்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. 2023-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரை பக்கம் ஓர் அப்பா, பட்டியல் சாதிப் பெண்ணைக் கட்டிய தன் மகனையே வெட்டிக் கொன்றார். தடுக்க வந்த தன் தாயையும் கொன்றார். மருமகளையும் வெட்டினார். மருமகள் பட்டியல் சாதி என்றால் மகன் என்ற சலுகையும் போய்விடுகிறது. சாதியைப் பின்னால் தள்ளிவிட்டு இதை ஆண்–பெண் பிரச்சினையாக மட்டும் பேசினால் பாதிதான் தெரியும்.

தனிச் சட்டம் பற்றியும் எனக்குத் தயக்கம் உண்டு, ராஜவேல் சார் சொல்லும் காரணத்துக்காக இல்லை. இருக்கிற உத்தரவையே செயல்படுத்தவில்லை என்பதுதான் என் கோபம். 2016-இல் உசிலம்பட்டி விமலாதேவி ஆணவக் கொலை வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாதி மாறிக் கல்யாணம் செய்தவர்களுக்கு உதவ ஒவ்வொரு மாவட்டத்திலும் தனிப்பிரிவு, 24 மணி நேர உதவி எண் என்று உத்தரவு போட்டது. 2018 மார்ச்சில் சக்தி வாஹினி என்ற தொண்டு நிறுவனம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் அதையே நாடு முழுமைக்கும் சொன்னது. வயது வந்த இருவர் சம்மதித்தால் குடும்பத்தின் சம்மதமோ சாதியின் சம்மதமோ தேவையில்லை, தங்குவதற்குப் பாதுகாப்பு இல்லம் வேண்டும், கடமை தவறும் அதிகாரி மேல் துறை நடவடிக்கை வேண்டும் என்றெல்லாம் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் அந்தத் தனிப்பிரிவு எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? இதைச் செய்யாத அரசு நாளைக்குப் புதுச் சட்டத்தை மட்டும் செய்துவிடுமா?

பொருநை:
சுரேஷ், ஊத்தங்கரையை நினைவுபடுத்தியது சரி. சாதியை நான் பின்னால் தள்ளவில்லை. சாதி தன்னைக் காத்துக்கொள்ளும் இடம் மகளின் கல்யாணம் என்பதால்தான் மகளைப் பற்றிப் பேசுகிறேன்.

உத்தரவு இருக்கிறதே என்றீர்கள். 2024 ஜனவரியில் பட்டுக்கோட்டை பக்கம் நடந்ததைப் பாருங்கள். 19 வயதுப் பெண், திருப்பூரில் வேலை பார்த்தவர், பட்டியல் சாதி இளைஞரைக் கல்யாணம் செய்துகொண்டார். அப்பா புகார் கொடுத்தார். போலீஸ் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு அப்பாவோடு அனுப்பி வைத்தது. மறுநாளே அவர் உயிரோடு இல்லை, உடலையும் எரித்துவிட்டார்கள். கணவர் புகார் கொடுத்ததால் அப்பாவும் அம்மாவும் கைதானார்கள், ஆய்வாளர் சஸ்பெண்ட் ஆனார். 2018 தீர்ப்புக்கு ஆறு வருடம் கழித்து நடந்தது இது. நீதிமன்றத்தின் வழிகாட்டுதலை மீறினால் சஸ்பெண்ட், கொஞ்ச நாளில் மறுபடி பணி. வயது வந்த பெண்ணை அவள் விருப்பத்துக்கு மாறாக வீட்டாரிடம் ஒப்படைப்பதே குற்றம், அதற்குச் சிறை என்று சட்டத்தில் எழுதியிருந்தால் அந்த ஆய்வாளர் ஒரு நிமிடமாவது யோசித்திருப்பார். நான் கேட்பது அந்த ஒரு நிமிடத்தைத்தான்.

ராஜவேல் அண்ணன் பழைய சட்டத்திலேயே தண்டனை கிடைக்கிறது என்றார். கண்ணகி–முருகேசன் வழக்கைச் சொல்கிறேன். விருத்தாசலம் பக்கம், 2003 ஜூலை. இருவரும் பட்டதாரிகள், வேறு வேறு சாதி, ரகசியமாகப் பதிவுத் திருமணம் செய்தவர்கள். காதிலும் மூக்கிலும் விஷத்தை ஊற்றி, ஊர் பார்க்கக் கொன்று எரித்தார்கள். உள்ளூர் போலீஸ் முருகேசன் தரப்பு ஆட்களையும் குற்றவாளியாகச் சேர்த்தது. 2004-இல் சிபிஐக்குப் போன பிறகுதான் வழக்கு வழக்காக நடந்தது. கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2021-இல். கண்ணகியின் அண்ணனுக்குத் தூக்கு, அப்பா உட்பட 12 பேருக்கு ஆயுள், அதில் இரண்டு போலீஸ்காரர்களும் உண்டு. தூக்கை உயர் நீதிமன்றம் ஆயுளாக்கியது. 2025 ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றத்தில் எல்லாம் முடிந்தது. 22 வருடம். இவ்வளவு காலமும் இந்த வழக்கை இழுத்துக்கொண்டு வந்தது முருகேசன் வீடு. கண்ணகிக்கென்று அவள் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை, வரவும் முடியாது, ஏனென்றால் அவர்கள்தான் குற்றவாளிக் கூண்டில் இருந்தார்கள். முருகேசனைத் தப்பவிட்டு அவளை மட்டும் கொன்றிருந்தால் அவளுக்கு வழக்கே இருந்திருக்காது.

ராஜவேல் ஈரோடு:
கண்ணகி வழக்கைப் படிக்கவே முடியவில்லை. அதில் எனக்கு வேறு கருத்தே கிடையாது.

ஆனாலும் என் கேள்விக்குப் பதில் வரவில்லை. 18 வயது முடிந்த மறுநாள் ஒரு பெண் கிளம்பிப் போகிறாள். அவன் யார், வேலை என்ன, குடிக்கிறானா, எதுவும் விசாரிக்க எங்களுக்கு நேரம் இல்லை. என் நண்பரின் மகள் அப்படிப் போய் ஒரு வருடத்தில் குழந்தையோடு திரும்பி வந்தாள். இன்றைக்கு அவளைப் பார்த்துக்கொள்வது அதே அப்பாதான். 21 வயது வரைக்குமாவது பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று வைத்தால் பாதிப் பிரச்சினை வராது என்பது என் கருத்து.

கலைவாணி சி:
அண்ணா, உங்கள் நண்பர் நல்லவர். மகள் திரும்பி வந்ததும் கதவைத் திறந்தார். எல்லா வீட்டிலும் அந்தக் கதவு திறந்திருந்தால் பெண்கள் இரவோடு இரவாக ஓட மாட்டார்கள், பட்டப்பகலில் உங்களிடம் வந்து சொல்வார்கள். என் பெரியம்மா மகள் சொல்லிப் பார்த்தாள். சொன்ன அன்றைக்குத்தான் போன் போனது.

21 வயது வரை சம்மதம் என்றால், வீட்டார் பார்த்து 18 வயதில் கட்டி வைக்கும் கல்யாணத்துக்கு அவள் சம்மதத்தை யார் கேட்பார்கள்? பெற்றோர் பார்த்த மாப்பிள்ளை குடிகாரனாக இருந்து திரும்பி வந்த பெண்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அதற்காக எந்த அப்பாவின் உரிமையையும் யாரும் குறைக்கச் சொல்லவில்லை.

மதுரை வழக்கறிஞர்:
மகளைக் கண்டிப்பது எந்தச் சட்டத்திலும் குற்றம் ஆகாது, யாரும் அப்படி எழுதப் போவதும் இல்லை. வயது வந்தவரை அறையில் பூட்டி வைப்பது இன்றைக்கே குற்றம். தனிச் சட்டத்தில் நான் கேட்பது இதுதான்: பெண் கொடுக்கும் ஆபத்துப் புகாரை உடனே பதிவு செய்யும் கட்டாயம், ஒப்படைக்கும் அதிகாரிக்குத் தண்டனை, இயற்கைக்கு மாறாக இளம்பெண் இறந்து போலீசுக்குச் சொல்லாமல் எரித்தால் நிரூபிக்கும் பொறுப்பை வீட்டார் மேல் வைப்பது. கல்யாணமான ஏழு வருடத்துக்குள் வரதட்சணைக் கொடுமைக்கு ஆளான பெண் இயற்கைக்கு மாறாக இறந்தால், புகுந்த வீட்டார்தான் காரணம் என்று சட்டம் ஏற்கெனவே ஓர் அனுமானம் வைத்திருக்கிறது. பிறந்த வீட்டுக்கு அப்படி ஏன் வைக்கக் கூடாது?

2012-இல் சட்ட ஆணையம் ஒரு வரைவு கொடுத்தது. அது வடக்கே உள்ள காப் பஞ்சாயத்து என்ற சாதிப் பஞ்சாயத்துக் கூட்டங்களை மனதில் வைத்து எழுதியது. இங்கே கூட்டம் கூடுவதில்லை, சமையலறையிலேயே முடிவாகிவிடுகிறது. அதை அப்படியே எடுத்து ஒட்டினால் நமக்கு உதவாது.

பெயர் வேண்டாம் 7:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் தோழிக்கு வயது 22. மூன்று வாரமாக வீட்டில் வைத்திருக்கிறார்கள், போன் இல்லை. அவசரமாக மாப்பிள்ளை பார்க்கிறார்கள். நான் என்ன செய்யலாம்?

மதுரை வழக்கறிஞர்:
அம்மா, இது காத்திருக்கும் விஷயம் இல்லை. மகளிர் உதவி எண் 181-க்கு இன்றே பேசுங்கள். மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் மனைவிக்கு மட்டுமில்லை, அப்பா, அண்ணன் மேல் மகளும் கேட்கலாம். எஸ்.பி. அலுவலகத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். அசையவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. தோழி என்ற முறையில் நீங்களே போடலாம். நீதிபதிகள் அவரை நேரில் வரவழைத்து, எங்கே போக விருப்பம் என்று கேட்பார்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் சட்ட உதவி இலவசம், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.

ராஜவேல் ஈரோடு:
அதற்கு முன்னால் அவர் பெற்றோரிடம் யாராவது பெரியவர் போய்ப் பேசிப் பார்க்கலாமே? பக்கத்து ஊர் என்றால் நானே போகிறேன்.

மதுரை வழக்கறிஞர்:
உங்கள் மனம் புரிகிறது சார். ஆனால் இப்போது வேண்டாம். விஷயம் வெளியே தெரிந்துவிட்டது என்று தெரிந்தால் அன்றைக்கே ஊர் மாற்றுவார்கள், கல்யாணத் தேதியை முன்னால் இழுப்பார்கள். முதலில் அந்தப் பெண் வெளியே வந்து, தன் வாயால் தன் விருப்பத்தைச் சொல்லட்டும். அதன் பிறகு அவர் சம்மதித்தால் நீங்கள் போய்ப் பேசுங்கள். அப்போது உங்களைப் போல ஓர் அப்பா பேசினால்தான் அவர்கள் கேட்பார்கள்.

பெயர் வேண்டாம் 7, ஊரை இங்கே எழுதாதீர்கள். தனிச் செய்தியில் அனுப்புங்கள்.