டின் கட்டர் வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

வில்லாபுரம் அடுப்படி
கன்டென்ஸ்ட் மில்க், ரசகுல்லா, அன்னாசி, காளான் டின் திறக்க நல்ல டின் கட்டர் வேணும். பாத்திரக்கடையில கிடைக்கிற, வண்ணத்துப்பூச்சி இறக்கை மாதிரி திருகு வச்ச மாடல் பாதி வெட்டுனதும் வழுக்குது. சுத்துறோம், டின் நகர மாட்டேங்குது. விலை கொஞ்சம் கூட இருந்தாலும் சரி, வருஷக்கணக்குல உழைக்கணும். வாங்குறப்ப எதைப் பார்க்கிறதுன்னு விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாத்திரக்கடை கல்லா
அக்கா, எல்லாரும் முதல்ல கைப்பிடியைத்தான் அமுக்கிப் பார்ப்பாங்க. கெட்டுப்போறது அது இல்லை. மேல இருக்கிற வெட்டுற வீல், கீழே விளிம்பைப் பிடிக்கிற பல்லு வீல், ரெண்டையும் தாங்குற ரிவிட், இந்த மூணுதான் ஆயுசைத் தீர்மானிக்குது.

கடையிலேயே பார்த்துடலாம். டின் இல்லாமலே கைப்பிடியை மூடி வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க. ரெண்டு வீலுக்கும் நடுவுல மெல்லிசான இடைவெளிதான் தெரியணும். மூடியோட தகடு 0.2 மில்லிமீட்டர் அளவுதான், அதனால இடைவெளி கூடினா விளிம்பு பிடியில நிக்காது. அப்படியே பக்கத்துல இருக்கிற அந்த இறக்கைத் திருகை மெதுவா ஒரு முழுச் சுத்து சுத்துங்க. ஒரு இடத்துல இடைவெளி விரிஞ்சு மறுபடி சுருங்கினா ஏதோ ஒரு வீல் நட்டநடுவுல மாட்டலைன்னு அர்த்தம். அதைத் திருப்பிக் கொடுத்துட்டு வேற எடுங்க. அடுத்து, வெட்டுற வீலை நகத்தால பக்கவாட்டுல தள்ளிப் பாருங்க. சுத்தணும், ஆனா ஆடக் கூடாது. புதுசுலேயே ஆடுற ரிவிட் நாள் போகப்போக மோசமாத்தான் ஆகும்.

பல்லு வீல் ரெண்டு விதமா வரும். மெல்லிய தகடுகளை அடுக்கி அடிச்சது ஒண்ணு, முழு இரும்புல பல் கடைஞ்சது இன்னொண்ணு. ஓரத்துல அடுக்கு வரி தெரிஞ்சா முதல் வகை. பாகு ஏறி அடுக்கு விரியும், பல்லும் சீக்கிரம் மழுங்கும்.

ஒரு சின்ன காந்தமும் கொண்டுபோங்க. 'முழுக்க ஸ்டெயின்லெஸ்'னு அட்டையில போட்டிருக்கும். நம்ம சாப்பாட்டுத் தட்டு செய்யுற 304 ரக எஃகை எவ்வளவு சூடு பண்ணித் தோய்ச்சாலும் கெட்டிப்படாது, அதுல வெட்டு முனை நிக்காது. முனைக்கு 420 மாதிரி ரகமோ கார்பன் எஃகோ வேணும், ரெண்டுலயும் காந்தம் பட்டுனு ஒட்டும். கைப்பிடியில ஒட்டாட்டி கவலை இல்லை, வீல்ல ஒட்டலைன்னா வாங்காதீங்க. ஒட்டுறதால மட்டும் நல்ல சரக்குன்னும் ஆயிடாது, சாதா இரும்புலயும்தான் ஒட்டும். காந்தம் கழிச்சுக்கட்ட மட்டும்தான் உதவும்.

மதுரையில எழுகடல் தெருப் பக்கம் பாருங்க. புதுமண்டபத்துல இருந்த கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறின பிறகும் நிறைய பேர் பழைய இடத்துல போய் நின்னு தேடுறாங்க. கையில ஒரு டின் கொண்டுபோய் கடையிலேயே வெட்டிப் பார்க்கணும்னு கேளுங்க. மறுக்கிற கடையில வாங்க வேண்டியதில்லை.

பேக்கரி மாஸ்டர்
கட்டர் நல்லா இருந்தும் வழுக்குதுன்னா பாதி நேரம் ஆரம்பிக்கிற இடம்தான் காரணம். டின் உடம்புல மேலிருந்து கீழே ஒரு ஒட்டுக்கோடு ஓடும், பேப்பரை உரிச்சா தெரியும். மத்த இடத்துல விளிம்புங்கிறது மூடித் தகடு 3, உடம்புத் தகடு 2, ஆக 5 மடிப்பு. ஒட்டுக்கோடு வந்து சேர்ற இடத்துல மட்டும் அதைவிடத் தடிமன். பல்லு வீல் அங்கேதான் ஏறிக் குதிக்கும். அதனால கோட்டைத் தாண்டின உடனே குத்தி ஆரம்பிங்க. சுத்தி வந்து கோட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் முன்னாடி நிறுத்திடுங்க. வெட்டாம விட்ட அந்தத் துண்டே கீல் மாதிரி மூடியைப் பிடிச்சுக்கும், பாகுக்குள்ள விழாது. கரண்டிக் காம்பால நெம்பித் தூக்குங்க, விரலை விடாதீங்க.

திறக்கிறதுக்கு முன்னாடி மூடியைக் கழுவித் துடைக்கணும். குடோன் தூசி, பூச்சி மருந்து எல்லாம் அதுமேலதான் இருக்கும், வீல் அதை நேரா உள்ளே இழுத்துட்டுப் போகும். டின்னை மேஜைமேல வச்சே வெட்டுங்க. கைப்பிடியை மெதுவா அழுத்தாதீங்க, ஒரே அமுக்கா அமுக்குங்க. உள்ளே இருக்கிற வெற்றிடம் காத்தை இழுக்கிற 'உஸ்' சத்தம் கேட்கும். முக்கியமா, ஒரு சுத்து முடிஞ்சதும் இன்னொரு சுத்து விடாதீங்க. வெட்டின ஓரத்தையே மறுபடி வெட்டுனா தலைமுடி கனத்துல தகட்டு இழை உரிஞ்சு உள்ளே விழும். சாப்பாட்டுல இரும்புத் துணுக்கு வர்றது பெரும்பாலும் இப்படித்தான்.

3 கிலோ அன்னாசி டின் தினமும் அஞ்சாறு திறக்கிற இடத்துக்குக் கைக் கட்டர் சரிப்படாது. மேஜையில ஸ்குரூ போட்டு மாட்டி, மேல இருந்து குத்தி, கைராட்டையால சுத்துற வகை வாங்குங்க. அந்த டின்னோட உயரம் ஏறக்குறைய 18 சென்டிமீட்டர், கம்பி அதுக்குத் தக்க உயரமான்னு பார்த்துக்கோங்க. அதுல கத்தியும் பல்லு வீலும் தனியா கிடைக்கும், கழட்டி மாத்தலாம்.

அண்ணாநகர் சமையல்கட்டு
ஓரம் கூர்மை இல்லாம வெட்டுற மாடல் பத்தி யாரும் சொல்லலையே? மூடியை மேல குத்தாம, விளிம்பு மடிப்போட பக்கவாட்டுல வெட்டும். வீல் சாப்பாட்டைத் தொடாது, மூடியும் கையைக் கிழிக்காது. சின்னப்பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்கு இது நல்லது.

பாத்திரக்கடை கல்லா
சரிதான் மேடம், ஆனா அக்கா கேட்டது ஆயுசு. அந்த வகையில வீல் வெளி மடிப்பை மட்டும் அறுத்து நிக்கணும், மயிரிழை தேய்ஞ்சாலும் வேலைக்கு ஆகாது. விளிம்பு நசுங்கின டின்னுல பிடிக்கவே பிடிக்காது. நடுவுல நழுவினா மடிப்பு பாதி பிரிஞ்ச நிலையில நிக்கும், அதே இடத்துல திரும்ப ஆரம்பிக்கிறது கஷ்டம். மாசத்துக்கு ரெண்டு மூணு டின்னுன்னா தாராளமா வாங்கலாம்.

சாணைக்கல்
மழுங்கின வீலைத் தீட்டித் தரச் சொல்லிக் கொண்டுவர்றாங்க. வட்ட வீலைத் தீட்டினா விட்டம் குறையும், விட்டம் குறைஞ்சா பல்லு வீலுக்கும் அதுக்கும் இடைவெளி கூடும். முனை பளபளன்னு இருக்கும், டின் மட்டும் வெட்டாது. காசு தண்டம்.

தீட்ட முடியுறது கொக்கி மாடல்தான். மரப்பிடியில சின்னக் கொக்கியும் குத்துமுனையும் இருக்குமே, அது. குத்தி, கொக்கியை விளிம்புல மாட்டி, எம்பி எம்பிப் போகணும். ஓரம் ரம்பம் மாதிரி கரடுமுரடா வரும், கையும் வலிக்கும். ஆனா அதுல சுத்துற பாகமே இல்லை, கெட்டுப்போக என்ன இருக்கு? முனை மழுங்கினா கல்லுல நாலு இழுப்பு, தீர்ந்தது. டின்னுக்குக் காப்புரிமை வாங்கினது 1810-ல, டின் திறக்கிற கருவிக்கு அமெரிக்காவுல காப்புரிமை 1858-ல. அதுக்கு முன்னாடி பெரும்பாலும் உளியும் சுத்தியலும்தான். அதை நினைச்சா கொக்கி எவ்வளவோ மேல்.

பரோட்டா ஸ்டால்
15 கிலோ எண்ணெய் டின்னுக்கு சுத்துற கட்டரைப் போடாதீங்க. சதுர டின்னோட மூலை வளைவுல பல்லு வீல் திரும்பாது, பலமா திருகினா ரிவிட் கழண்டுடும். கூர் ஊசிக்குத்தியால ஒரு மூலையில ஊத்துற ஓட்டை, எதிர்மூலையில காத்து ஓட்டை, அவ்வளவுதான். காத்து ஓட்டை இல்லாட்டி குபுக் குபுக்னு அடிச்சு எண்ணெய் அடுப்புமேல தெறிக்கும். உளியால கீறித் திறந்தா தகட்டுத்தூள் உள்ளே போகும்.

வில்லாபுரம் அடுப்படி
கழுவுறது எப்படி? எங்க போர் தண்ணியில எதை வச்சாலும் வெள்ளைப் படிவு ஏறிடுது.

பேக்கரி மாஸ்டர்
பாகுதான் முதல் எதிரி அக்கா. காய்ஞ்சா பல்லு இடுக்குல கல்லாட்டம் இறுகிடும், அதுக்கப்புறம் விளிம்பு பல்லுல பதியாது. உங்க பழைய கட்டர் வழுக்குறதுக்கே அதுதான் காரணமா இருக்கலாம். தூக்கிப்போடுறதுக்கு முன்னாடி கால் மணி நேரம் வெந்நீர்ல ஊறவச்சு, பழைய டூத்பிரஷ்ல சோப்புப் போட்டுப் பல் பல்லாத் தேய்ங்க. உப்புப் படிவுக்கு எலுமிச்சைச் சாறு ஒரு பத்து நிமிஷம், உடனே கழுவிடணும். மேல்பூச்சு உரிஞ்ச கட்டருக்குப் புளிப்பு எதுவும் ஆகாது, துரு இன்னும் வேகமா ஏறும். ஸ்டாண்டுல ஈரத்தோட தொங்கவிடாம துணியால துடைச்சு வெயில்ல வைங்க.

காய்ஞ்சதும் வீல் அச்சிலயும் திருகு அச்சிலயும் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு, மிச்சத்தைத் துடைச்சிடுங்க. நல்லெண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் நாள்பட்டா பிசினா இறுகும், தேங்காய் எண்ணெய் அப்படி இறுகாது. தையல் மெஷின் எண்ணெய் சாப்பாட்டுல படக்கூடாது.

அண்ணாநகர் சமையல்கட்டு
மூடியை இழுத்துத் திறக்கிற வளையம் பிஞ்சுபோன டின்னைக் கவுத்துப்போட்டு அடியில வெட்டலாமா?

சாணைக்கல்
அடியிலயும் மேல மாதிரியே மடிச்ச விளிம்பு இருந்தா வெட்டலாம். சில டின்னுல அடியும் உடம்பும் ஒரே தகடா இருக்கும், ஓரம் உருண்டையா வழவழன்னு போகும். அதுல பல்லு வீலுக்குப் பிடியே கிடைக்காது. அப்ப மேல்பக்கமே கொக்கி மாடலை வச்சு, வளையத்தை இழுத்தா பிரியுறதுக்குப் போட்டிருக்கிற கீறல் கோட்டுக்கு உள்பக்கமா குத்தித் திறங்க. மூடியோ அடியோ உப்பியிருக்கிற டின்னா இருந்தா எந்தக் கட்டரும் வேண்டாம். குத்தாம, மோந்து பார்க்காம அப்படியே கட்டிக் குப்பையில போடுங்க.