புதுப்பிப்பு: தாத்தாவின் வால்வு ரேடியோ பாடிவிட்டது

போன மாதம் கேட்டிருந்தேன்: தாத்தாவின் மரப்பெட்டி ரேடியோவில் ஐந்து வால்வுகள் (டிரான்சிஸ்டருக்கு முந்தைய காலத்துக் கண்ணாடிக் குழாய்கள்), ஒன்றில் பெயர் எழுத்து அழிந்துவிட்டது, அது எது என்று. கண்டுபிடித்துவிட்டேன்.

கண்ணாடியைத் துடைக்கவே இல்லை. துடைத்தால் மிச்சமிருக்கும் மையும் போய்விடும். வாயால் ஊதி ஈரம் படியவைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். "80" மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அப்புறம் சாக்கெட்டின் அடியில் பார்த்தால், டிரான்ஸ்பார்மரின் உயர் மின்னழுத்த ஒயர்கள் இரண்டும் 1, 7 பின்களுக்குப் போகின்றன. 3-லிருந்து, மின்சாரத்தைச் சீராக்கும் பில்டர் கண்டன்சருக்கு ஒரு ஒயர். சந்தேகமே இல்லை, ஈஇசட்80 (EZ80) ரெக்டிபையர், அதாவது ஏசியை டிசியாக மாற்றும் வால்வு. 'ஈ' என்றால் வால்வைச் சூடாக்கும் ஹீட்டர் 6.3 வோல்ட், 'இசட்' என்றால் முழு அலை ரெக்டிபையர்.

ஆனால் உண்மையான கோளாறு வேறு இடத்தில். ஸ்பீக்கரை இயக்கும் அவுட்புட் வால்வான ஈஎல்84-இன் (EL84) 2-ஆம் பின்னில், அதாவது சிக்னல் உள்ளே நுழையும் கிரிட்டில், பாசிட்டிவ் 4 வோல்ட் இருந்தது. அங்கே பூஜ்யம்தான் இருக்க வேண்டும். முந்தைய வால்விலிருந்து சிக்னலை மட்டும் விட்டு டிசியைத் தடுக்க வேண்டிய மெழுகுக் காகித கப்ளிங் கண்டன்சர் கசிந்திருக்கிறது. அப்படியே விட்டிருந்தால் வால்வு சிவந்து செத்திருக்கும். 0.01 மைக்ரோபாரட், 630 வோல்ட் பிலிம் கண்டன்சர் போட்டேன். சரியாகிவிட்டது.

முதல் முறை மின்சாரம் கொடுத்தபோது 60 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைத்திருந்தேன்; எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு எரிந்து மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும். நீங்களும் அதை விடாதீர்கள். அணைத்த பிறகும் பில்டர் கண்டன்சரில் மின்சாரம் நிற்கும், கை வைக்கும் முன் டிஸ்சார்ஜ் செய்துவிடுங்கள்.

நேற்று இரவு டயல் விளக்கு மஞ்சளாக எரிந்தது. அரை நிமிடம் கழித்து மெல்ல ஒரு நாதஸ்வரம். அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள்.