பிஎஸ்6 டீசல் பிக்கப்: டிபிஎஃப் லைட், இழுவை இல்லை, 80 கிமீக்கு ஒரு ரீஜென். எங்கிருந்து ஆரம்பிப்பது?

லோடுவண்டி57

2021 மாடல் பிஎஸ்6 பிக்கப், 2.5 லிட்டர் டீசல், செகண்ட் ஹேண்ட். ஓடியது 1,18,000 கிமீ. யூரியா டேங்க் இல்லாத வண்டி. டர்போவுக்கு அடுத்து டிஓசி (எக்ஸாஸ்ட் வாயுவை எரிக்கும் பிளாட்டினப் பூச்சு வினையூக்கி), அதே டப்பாவுக்குள் டிபிஎஃப் (புகைக் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி).

ஓட்டம்: விடியற்காலை ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி லோடு. திண்டுக்கல் வந்ததும் டவுனுக்குள் கடை கடையாக இறக்கம். அந்த நேரமெல்லாம் எஞ்சின் ஐடிலிங்தான்.

கோளாறு: ஏற்றத்தில் மூன்றாவது கியரில் மிதித்தால் 2,000 ஆர்பிஎம்முக்கு மேல் இழுவை செத்துவிடுகிறது. ரீஜென் (டிபிஎஃப்பில் சேர்ந்த கரியை வண்டியே எரித்துவிடுவது) முன்பு 300 கிமீக்கு ஒருமுறை வந்தது, இப்போது 80 கிமீக்கே வருகிறது. அதுவும் பாதியில் கீயை அணைக்க வேண்டியதாகிவிடுகிறது. டிப்ஸ்டிக்கில் ஆயில் மேக்ஸ் கோட்டுக்கு மேல் ஒரு விரற்கடை நிற்கிறது. ஸ்கேனரில் பி2463, பி0299 இரண்டு கோளாறுக் கோடும் (code) இருக்கின்றன.

வெளியே கரும்புகை துளிகூட இல்லை. அதனால் எஞ்சின் நல்லாத்தான் இருக்கு, டிபிஎஃப்தான் போச்சு என்கிறார் மெக்கானிக். ஒருவர் கழற்றி ஆசிட் வாஷ் பண்ணச் சொல்கிறார். இன்னொருவர் உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற வடிகட்டியை இடித்து எடுத்துவிட்டு, இசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) புரோகிராமை மாற்றிவிடலாம் என்கிறார். எந்த வரிசையில் பார்ப்பது?

ஸ்பேனர்செட்

புகை தெரியலைங்கிறதை வச்சு எஞ்சினுக்கு நற்சான்றிதழ் கொடுக்க முடியாதுங்க. டிபிஎஃப் உடையாம இருக்கிற வண்டியில எஞ்சின் எவ்வளவு கரி கக்கினாலும் சைலன்சர் வாயில் தெரியாது. பழைய வண்டியில கண்ணுக்குத் தெரிஞ்ச புகை, இந்த வண்டியில டிபிஎஃப்புக்குள்ள கிராம் கணக்கில் சேருது. 300 கிமீ 80 ஆச்சுன்னா கரி கிட்டத்தட்ட நாலு மடங்கு வேகத்தில் சேருது, இல்லன்னா ரீஜென் முழுசா முடியலை. உங்களுக்கு இரண்டுமே இருக்கும்னு தோணுது. இந்த நிலையில் புது டிபிஎஃப் போட்டாலும் அதுவும் சீக்கிரமே அடைக்கும்.

ஸ்கேனர் கோடுகளை இப்போ அழிக்காதீங்க. ஒவ்வொரு கோடுக்கும் ஃப்ரீஸ் ஃபிரேமில் (கோடு விழுந்த நொடியின் பதிவு) அது விழுந்த கிமீ இருக்கும், குறிச்சுக்குங்க. பி0299 பூஸ்ட் (டர்போ தள்ளுற காற்றழுத்தம்) குறைவு, பி2463 டிபிஎஃப்பில் கரி அதிகம். டிபிஎஃப் அடைச்சாலும் பூஸ்ட் குறையும். பூஸ்ட் குறைஞ்சாலும் கரி கூடி டிபிஎஃப் அடைக்கும். எது முதலில் விழுந்ததோ அதுக்குத்தான் முதல் வைத்தியம்.

டிபிஎஃப் பிரஷர் சென்சாரை நம்பலாமான்னு அடுத்துப் பாருங்க. எஞ்சின் ஓடாம கீ மட்டும் ஆன் பண்ணா லைவ் டேட்டாவில் 0 காட்டணும், ஒன்று இரண்டு மில்லிபார் முன்னே பின்னே போகலாம். அப்பவே 10, 15 காட்டினா சென்சாரோ வயரிங்கோ பொய் சொல்லுது. சென்சாருக்கு வர்ற இரண்டு குழாயையும் கழற்றி ஊதிப் பாருங்க. உள்ளே கரி கட்டியிருக்கும், இல்லன்னா சூட்டில் ரப்பர் வெடிச்சிருக்கும். முன்குழாய் வெடிச்சிருந்தா ரீடிங் குறைவா வரும். இரண்டையும் மாத்தி மாட்டியிருந்தா எஞ்சின் ஓடும்போது மைனஸில் போகும். சென்சார் சரின்னா ஐடிலிங்கிலும் நியூட்ரலில் 2,500 ஆர்பிஎம்மிலும் ரீடிங் எடுங்க. சுத்தமான டிபிஎஃப்பில் தோராயமா ஐடிலிங்கில் 15க்குள்ளேயும் 2,500இல் 60க்குள்ளேயும் நிற்கும். 2,500இல் 100ஐத் தாண்டினா அடைப்பு நிஜம்.

இனி காற்று வழி. இழுவை போறது, கரி கூடுறது இரண்டுக்கும் சேர்த்து ஒரே காரணம் சொல்லச் சொன்னா இன்டர்கூலர் (டர்போ காற்றைக் குளிர்விக்கிற கூலர்) ஹோஸைத்தான் சொல்வேன். மிதிக்கும்போது டீசல் அதிகபட்சம் எவ்வளவு அடிக்கலாம்னு இசியூ முடிவு பண்றது ஏர் ஃபில்டருக்குப் பக்கத்தில் இருக்கிற மாஃப் சென்சார் எண்ணின காற்றை வச்சு. டர்போவுக்குப் பிறகு ஹோஸ் கிழிஞ்சிருந்தா மாஃப் எண்ணின காற்று ஒண்ணு, சிலிண்டருக்குள் போற காற்று வேற. நடுவில் வெளியேறின காற்றுக்கும் சேர்த்து டீசல் விழும், எரியாத மிச்சம் கரியா டிபிஎஃப்புக்குப் போகும்.

சோதிக்கிற விதம்: டர்போவின் காற்று நுழையும் வாயில் ஒரு பிவிசி எண்ட் கேப்பை மாட்டுங்க, அதில் டயர் வால்வு ஒண்ணு பொருத்தியிருக்கணும். ஆயில் ஊத்துற மூடியைத் திறந்து வைங்க, இல்லன்னா அழுத்தம் ஆயில் சீல் மேல ஏறும். கம்ப்ரசரில் 0.7 பார் வரைக்கும் மெதுவா ஏத்துங்க, 1 பாரைத் தாண்ட வேண்டாம். எல்லா கிளாம்ப் மேலயும் சோப்பு நுரை. கிழிசல் பெரும்பாலும் ஹோஸின் அடிப்பக்கம், கிளாம்புக்கு ஒட்டி, மேலேயிருந்து டார்ச் அடிச்சா தெரியாத இடத்தில்தான் இருக்கும். ஹோஸுக்கு வெளியே ஈரமா எண்ணெய்ப் பூச்சும் அதில் ஒட்டின புழுதியும் தெரிஞ்சா அங்கேதான் நிறுத்தணும்.

ஹோஸ் நல்லா இருந்தா ஈஜிஆர் (எக்ஸாஸ்ட் வாயுவில் கொஞ்சத்தை மறுபடி எஞ்சினுக்குள் விடுற வால்வு). ஐடிலிங்கில் ஸ்கேனர் வழியா ஈஜிஆரை முழுசா மூடச் சொல்லிட்டு, மாஃப் ரீடிங்கை மில்லிகிராம்/ஸ்ட்ரோக்கில் பாருங்க. 2.5 லிட்டர், நாலு சிலிண்டர், அதாவது ஒரு சிலிண்டர் 625 சிசி. கணக்குப்படி 550இலிருந்து 620க்குள் வரணும். மூடச் சொல்லியும் 400லயே நின்னா வால்வு கரியில் ஒட்டி திறந்தே கிடக்கு, அல்லது மாஃப் அழுக்கு. கழற்றினா ஈஜிஆர் கிளீனரும் பித்தளைப் பிரஷும் போதும். ஸ்ப்ரே மோட்டார் பக்கம் போகாம வால்வைத் தலைகீழா பிடிங்க. கேஸ்கெட் புதுசு போட்டு, வால்வு நிலையை இசியூவுக்கு ஸ்கேனரில் ரீலேர்ன் பண்ணணும். கூலன்ட் காரணமில்லாம குறையுதுன்னா ஈஜிஆர் கூலர் லீக், அது தனிக் கதை.

இன்ஜெக்டர் கரெக்ஷன் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் இசியூ கூட்டிக் குறைக்கிற டீசல் அளவு) கடைசி. ஐடிலிங்கில் ஏதாவது ஒண்ணு மட்டும் ±3 மில்லிகிராமைத் தாண்டி நின்னா அதைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சுக்கு அனுப்புங்க. கூலன்ட் சூட்டையும் பாருங்க. 15 கிமீ ஓடியும் 80 டிகிரி ஏறலைன்னா தெர்மோஸ்டாட் திறந்தே நிக்குது, அந்தச் சூட்டில் ரீஜென் ஒழுங்கா நடக்காது.

வால்குழாய்

வெள்ளைத் துணியை விரலில் சுற்றி சைலன்சர் வாயின் உள்பக்கம் ஒரு சுற்று துடையுங்கள். லட்சம் கிமீ ஓடியிருந்தாலும் உயிரோடு இருக்கும் டிபிஎஃப் என்றால் துணியில் சாம்பல் நிறப் புழுதிதான் வரும். கருமை அப்பிக்கொண்டு வந்தால் உள்ளே விரிசல், அல்லது உங்களுக்கு விற்றவர் ஏற்கெனவே இடித்துவிட்டார். பழைய பிஎஸ்6 டீசல் வாங்கப் போகும் யாரும் வண்டியை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே இதைச் செய்யலாம், பத்து விநாடி வேலை.

இடித்து எடுக்கும் யோசனையைப் பற்றி: மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி வண்டியின் அமைப்பை இப்படி மாற்றக் கூடாது. மாற்றினால் 182ஏ(4) உரிமையாளர் மேல் பாயும்: 6 மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். புகை அளவு மீறினால் 190(2) தனி. சட்டத்தை விடுங்கள், இது லோடு வண்டி. முதல் எட்டு வருடம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பிறகு வருடா வருடம் எஃப்சிக்கு நிற்க வேண்டும். தவிர, கிழிந்த ஹோஸ் கிழிந்தபடியே இருக்கும். அப்போது மெக்கானிக் சொன்ன அந்த ‘நல்ல எஞ்சின்’ கக்குவதை ஊரே பார்க்கும்.

ஆசிட் வாஷ் வேண்டவே வேண்டாம். உங்கள் வண்டியில் டிஓசியும் அதே டப்பாவில். கரியோடு சேர்த்து பிளாட்டினப் பூச்சையும் அரித்துவிடும். பூச்சு போனால் போஸ்ட் இன்ஜெக்ஷனில் (ரீஜெனுக்காகப் பின்னால் கூடுதலாக அடிப்பது) வரும் டீசல் அங்கே எரியாது, சூடு ஏறாது, அதன் பிறகு ரீஜென் என்பதே கிடையாது.

லோடுவண்டி57

எல்லாம் எடுத்தாயிற்று.

பி0299 விழுந்தது 1,14,200 கிமீயில். பி2463 விழுந்தது 1,16,900இல். துணி: சாம்பல்தான், கருமை இல்லை. டிபிஎஃப் சென்சார் கீ ஆனில் 0 முதல் 1 மில்லிபார், ஐடிலிங்கில் 34, 2,500இல் 160. மேப் சென்சார் (இன்டேக் காற்றழுத்தம்) கீ ஆனில் 982 மில்லிபார். ஏற்றத்தில் இசியூ கேட்ட பூஸ்ட் 2,150, கிடைத்தது 1,620. ஈஜிஆர் மூடியபோது மாஃப் 590. இன்ஜெக்டர் நான்கும் ±1.2க்குள். கூலன்ட் 86 டிகிரி.

0.6 பார் ஏற்றியபோதே டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸின் அடியில் நுரை கொப்பளித்தது. கிளாம்பை ஒட்டி 3 செமீ கிழிசல். பக்கத்தில் ஏசி பைப்பின் பிராக்கெட் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. கையால் அமுக்கினால் மூடிக்கொள்கிறது, அழுத்தம் ஏறினால்தான் வாய் பிளக்கிறது.

ஸ்கேனர் காட்டும் கரி 31 கிராம். அடுத்து நேராக ஃபோர்ஸ்டு ரீஜென் (ஸ்கேனர் வழியே கட்டாயமாக ஓட்டுவது) போட்டுவிடலாமா?

ஸ்பேனர்செட்

2,700 கிமீ முன்னாடியே பூஸ்ட் கோடு விழுந்திருக்கு, அப்புறம்தான் டிபிஎஃப். அப்போ பாவம், டிபிஎஃப் வர்ற கரியை வாங்கித்தான் வச்சுக்கிட்டு இருந்திருக்கு.

ஹோஸை டேப் சுத்தி ஒப்பேத்தாதீங்க, அந்த இடத்தில் சூடும் எண்ணெயும் சேர்ந்து ஒரு வாரம் தாங்காது. புது ஹோஸ், புது கிளாம்ப், அந்த பிராக்கெட்டை வளைச்சு குறைஞ்சது ஒரு விரல் இடைவெளி. மாட்டினதும் அதே 0.7 பார் டெஸ்ட் திரும்ப.

ரீஜென் இப்பவே போடாதீங்க. முதலில் ஆயில். மேக்ஸுக்கு மேல ஒரு விரற்கடைன்னா கலந்திருக்கிறது அத்தனையும் டீசல். பாதியில் அணைஞ்ச ஒவ்வொரு ரீஜென்னும் போஸ்ட் இன்ஜெக்ஷன் டீசலை சிலிண்டர் சுவர் வழியா சம்புக்கு (எஞ்சின் அடியில் ஆயில் நிற்கிற தொட்டி) இறக்கியிருக்கும். அந்த நிலையில் ஃபோர்ஸ்டு ரீஜென் போட்டா ஆவி பிரீதர் (எஞ்சின் ஆவிக் குழாய்) வழியா இன்டேக்குக்குப் போய் எஞ்சின் தானா ரேஸ் ஏறும் ஆபத்து இருக்கு. அப்படி ஏறினா கீயை அணைச்சாலும் நிக்காது. ஆயிலும் ஃபில்டரும் மாத்துங்க, லெவலை மேக்ஸுக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்க.

ஆயில் எதுன்னு மேனுவலில் பார்த்து வாங்குங்க. ஏசிஇஏ சி3 கேட்டிருந்தா சி3, ஏபிஐ சிகே-4 கேட்டிருந்தா அது. சிஎச்-4, சிஐ-4 ஆயில் இந்த வண்டிக்கு ஆகாது. அதில் இருக்கிற சேர்மானம் எரிஞ்சா சாம்பலாகும். கரியை ரீஜென் எரிக்கும், சாம்பலை எதுவும் எரிக்காது, டிபிஎஃப்புக்குள்ளேயே தங்கிடும்.

அப்புறம் ரீஜென். டேங்கில் கால் பங்குக்கு மேல டீசல், கூலன்ட் 75க்கு மேல, கோடு எல்லாம் அழிச்சாச்சு. வண்டி சிமென்ட் தரையில் நிக்கணும். வைக்கோல், சருகு, சாக்கு எதுவும் கீழேயும் பின்னாலயும் கிடக்கக் கூடாது. லோடு பாடியில் படுதா தொங்கினா சுருட்டி வைங்க. ஸ்கேனரில் சர்வீஸ் ரீஜென் போட்டதும் டிபிஎஃப் நுழைவுச் சூடு 580இலிருந்து 650க்குள் வந்து நிக்கணும், கரி கிராம் இறங்கணும். 20 முதல் 40 நிமிஷம் ஆகும். சூடு 400லயே திணறினா டிஓசியோ சூட்டுச் சென்சாரோ சரியில்லை, நிறுத்திடுங்க. ராத்திரி முழுக்க நின்ன வண்டியில் காலையில் கீ ஆன் பண்ணா எக்ஸாஸ்ட் சூட்டுச் சென்சார், கூலன்ட், இன்டேக் எல்லாம் பத்து டிகிரி வித்தியாசத்துக்குள் ஒரே கணக்கு காட்டணும். எது தனியா நிக்குதோ அது கெட்டது.

நல்லா போயிட்டிருக்கும்போது நடுவில் கீயை அணைக்காதீங்க. காற்றோட்டம் நின்னு சூடு உள்ளேயே தங்கும், டர்போ பேரிங்குக்கு ஆயிலும் போகாது. முடிஞ்சதும் அஞ்சு நிமிஷம் ஐடிலிங், வண்டி ஆறினதும் திரும்ப டிப்ஸ்டிக்.

31 கிராம் உங்க இசியூவின் வரம்புக்கு மேலன்னா ஸ்கேனரே ரீஜெனை மறுக்கும். அதை ஏமாத்த ‘புது டிபிஎஃப்’ ரீசெட் போடச் சொல்வாங்க, போடாதீங்க. மிதமிஞ்சின கரி ஒரேயடியா பத்திக்கிட்டா உள்ளே இருக்கிற செராமிக் உருகிடும்.

வால்குழாய்

ரீஜென் முடிந்து 2,500இல் 60க்குள் வந்துவிட்டால் டப்பாவைத் தொடவே வேண்டாம். கரி கிராம் கிட்டத்தட்ட பூஜ்யம் என்று காட்டியும் மில்லிபார் 90க்கு மேலேயே நின்றால் மிச்சம் இருப்பது சாம்பல். 1,18,000 கிமீயில் முந்தைய ஓனர் என்ன ஆயில் ஊற்றினாரோ, அதைப் பொறுத்தது. அப்போதுதான் கழற்றி டிபிஎஃப் கிளீனிங் மெஷின் உள்ள இடத்தில் கொடுக்க வேண்டும். முன்னும் பின்னும் எடை போட்டு எழுதித் தருகிறார்களா, காற்றைப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக அடிக்கிறார்களா என்று கேளுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னை வைத்து முன்பக்கம் அடித்தால் சாம்பல் சேறாகி அடியில் இறுகும்.

கழற்றும்போது துருப்பிடித்த ஸ்டட்டுகளுக்கு முந்தின நாளே துரு ஆயில் அடித்து வையுங்கள். முறிந்தால் அதுவே அரை நாள் வேலை. கேஸ்கெட் பழையது போடாதீர்கள். பின்முகத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள், வெளிறிய தேன்கூட்டில் கரும்புள்ளிகள் இருந்தால் அந்த இடத்தில் விரிசல்.

லோடுவண்டி57

ஹோஸ், ஆயில், ஃபில்டர் மாற்றி ரீஜென் முடித்தாயிற்று, 32 நிமிடம். நுழைவுச் சூடு 610. கரி 3 கிராம். ஐடிலிங்கில் 9, 2,500இல் 52 மில்லிபார். ஏற்றத்தில் கேட்டது 2,150, கிடைத்தது 2,110. டவுனுக்குள் ரீஜென் ஆரம்பித்தால் என்ன செய்வது?

ஸ்பேனர்செட்

ஐடிலிங் வழக்கத்தைவிட இருநூறு ஆர்பிஎம் கூடி, ரேடியேட்டர் ஃபேன் நிக்காம சுத்தி, அடியில் சூட்டு வாடை வந்தா ரீஜென் ஓடுது. கடை வாசலில் நின்னா கீயை அணைக்காம இறக்குங்க, அல்லது பைபாஸில் ஏறி நாலாவது கியரில் 2,000 ஆர்பிஎம்முக்கு மேல வச்சு பதினஞ்சு இருபது நிமிஷம் ஓட்டிட்டு வாங்க. காலையில் லோடோட வர்ற ஓட்டம்தான் இதுக்குத் தோதான நேரம்.

ஒவ்வொரு ரீஜென்னுக்கும் ஓடோமீட்டர் கிமீயை ஒரு துண்டுச்சீட்டில் குறிச்சு சன்வைசரில் சொருகுங்க. அடுத்த மூணு ரீஜென் 250 கிமீக்கு மேல இடைவெளி விட்டு வந்தா வேலை முடிஞ்சது. 150க்குக் கீழே வந்தா, டிபிஎஃப்பைத் தொடாம, மறுபடி கேட்ட பூஸ்ட், கிடைச்ச பூஸ்ட், ஈஜிஆர் மூடின மாஃப், இந்த மூணு ரீடிங்கையும் எடுத்து இங்கே போடுங்க.