நீலகிரி எமரால்டு ஏரியில் பெரிய டிரவுட் மீன் மாட்டினால் உயிரோடு விடுவது எப்படி?

குந்தா:
மீன்வளத்துறை அனுமதிச் சீட்டு இருக்கு. ஸ்பின்னரில் (நீரில் சுழலும் உலோகத் தகடு வெச்ச செயற்கைத் தூண்டில் இரை) ரெயின்போ டிரவுட் பிடிச்சு, அளந்து, போட்டோ எடுத்துட்டு விடணும். என்னென்ன கவனிக்கணும் அண்ணா?

கோத்தகிரி:
முதல்ல ஸ்பின்னரின் மூணு முனை முள்ளைக் கழற்றிட்டு ஒத்தை முள் போடுங்க தம்பி. முள் நுனியில் பின்னோக்கி நிக்கிற சின்னக் கொக்கியை இடுக்கியால் நசுக்கிடுங்க. தூண்டில் நரம்பு (நைலான் கயிறு) தளராம வெச்சிருந்தா மீன் கழன்று போகாது.

மெல்லிய நரம்பு வேண்டாம், 8 பவுண்டு இழுவையாவது தாங்குறதா இருக்கட்டும். இழுபறி நீண்டால் மீனின் தசையில் அமிலம் ஏறும். விட்டதும் நல்லா நீந்திப் போற மீன்கூட சில மணி நேரம் கழிச்சுச் செத்துடும். தண்ணீர் 20 டிகிரி தாண்டினா தூண்டிலைச் சுருட்டிடுங்க. வெதுவெதுப்பான நீரில் ஆக்சிஜன் குறைவு.

அவலாஞ்சி:
ரப்பர் கைவலைதான் நல்லது. முடிச்சுப் போட்ட நைலான் வலை மேல்தோலின் வழவழப்பை உரிச்சிடும், பிறகு பூஞ்சை பிடிக்கும். உலர்ந்த கையும் அப்படித்தான், நனைச்சுக்கோங்க. செவுளுக்குள் விரல் விடவே கூடாது. முள்ளை விழுங்கியிருந்தா நோண்டாம நரம்பை வெட்டி விடுங்க. போட்டோவுக்கு வெளியே தூக்கினா 10 விநாடி, அவ்வளவுதான்.

தராசும் வேண்டாம். நீளம் × சுற்றளவு × சுற்றளவு ÷ 800. அங்குலத்தில் அளந்தா விடை பவுண்டில் வரும். 20 அங்குல நீளம், 11 அங்குலச் சுற்றளவுன்னா சுமார் 3 பவுண்டு.

கோத்தகிரி:
ஒண்ணு விட்டுப்போச்சு. விடும்போது முன்னும் பின்னும் ஆட்டாதீங்க, பின்னால் இழுத்தா செவுளுக்குக் கேடு. வாலடியைப் பிடிச்சு, வயிற்றைத் தாங்கி நிமிர்த்தி வையுங்க. அதுவா உதறிட்டுப் போகும்.